நான்கு மில்லிமீட்டர்

அஸ்டோரியாவில் மழை நின்றால்
ஏதோ உடைந்துவிட்டதென்று வெளியே வந்து பார்ப்போம்.
அப்படியொரு ஊரில்
பந்தயத்துக்கென்று பிறந்த சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.
எண்பத்து மூன்றில் செய்தது,
எனக்கு முன் மூன்று பேரைச் சுமந்தது.
விரல் தடிமனில் டயர். மட்கார்டு கிடையாது.
செய்தவன் வெயிலை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

மூன்று குளிர்காலம் என் பின்னால் வந்தாள் ரூத்தான்.
ஆற்றோரச் சாலையில், மரலாரிகள் போன பிறகு,
என் பின்சக்கரம் கிள்ளி எறிந்ததையெல்லாம்
முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள்.
கண்ணாடி முழுக்கச் சேற்றுப் பொட்டு.
பல்லிடுக்கில் மணல் நறநறக்கக் காபி குடிப்பாள்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை
"இன்று நான் முன்னால் போகிறேன்" என்றாள்.
அடுத்த சனிக்கிழமை வரவே இல்லை.

சைக்கிளைக் கராஜில் தலைகீழாக நிறுத்தினேன்.

இருபத்தேழு அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு
எழுநூறு என்று எண் போட்டதை மாட்டினால்
விளிம்பு நான்கு மில்லிமீட்டர் உள்வாங்கும்.
நான்கே நான்கு.
இரண்டு நாணயங்களை அடுக்கினால் தீர்ந்துபோகும் இடம்.
அதை நம்பித்தான்
அகல டயரும் அதன்மேல் மட்கார்டும்
நடுவே கொஞ்சம் காற்றும்
குடித்தனம் நடத்த வேண்டும்.

அளவுகோல் நுழையாத சந்துக்குள்
ஆலன் சாவிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன்.
ஐந்து போனது.
ஆறு மூக்கை நுழைத்து நின்றுவிட்டது.
பிரேக் கட்டைகள் பழைய ரிம்மையே தேடின;
காடி முடியும் வரை கீழே இறக்கினேன்.
டயரின் பக்கவாட்டில் முப்பத்திரண்டு என்று அச்சிட்டிருந்தது,
காற்றடித்து அளந்தால் முப்பது.
பொய் சொன்ன டயருக்கு நன்றி சொல்லிப் படுத்தேன்.
காலையில் முப்பத்தொன்று.
ராத்திரியில் மனம் மாறியிருக்கிறது.

டாக்னியின் ஹார்டுவேர் கடையில்,
"இவ்வளவு பாடு எதற்கு?
இப்போதெல்லாம் இடம் விட்டே செய்கிறார்களே,
புதிதாக ஒன்று வாங்கேன்" என்றாள்.
ஐந்து மில்லிமீட்டர் போல்ட் எட்டு,
வாஷர் பதினாறு, என்றேன்.

ஃபோர்க்கின் உச்சியில் வழியே இல்லை.
மட்கார்டை இரண்டாக அறுத்தேன்:
ஒரு துண்டு முன்னே, ஒரு துண்டு பின்னே,
நடுவில் ஃபோர்க்கே கூரை.
பின்பக்கம் குழாய்கள் இரண்டும் நெருங்கும் இடத்தில்
தகரக் கத்தரியால் இருபுறமும் இடுப்பு வெட்டினேன்.
கட்டைவிரலையும் கொஞ்சம்.
வாசல் சரிவில் ஓட்டிப் பார்க்கையில்
ஷூ நுனி மட்கார்டில் இடிக்க,
நின்ற இடத்திலேயே விழுந்தேன்.
பக்கத்து வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விட்டது.

கடைசியாக ஒரு வால்.
காலி ப்ளீச் பாட்டிலை வெட்டி
பின் மட்கார்டின் நுனியில் தொங்கவிட்டேன்,
தரைக்கு நாலு விரல் உயரத்தில்.
"குழந்தைகளுக்கு எட்டாமல்" வரை எழுத்து இருந்தது,
மீதி குப்பைக்கூடையில்.
முன் மட்கார்டு என் பாதத்துக்கு.
பின் மட்கார்டு என் முதுகுக்கு.
இந்த வாலால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

ரூத்தானுக்கு ஃபோன் செய்தேன்.
சேற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.
ஏழரைக்குப் பாலத்தடியில் இருப்பேன் என்றேன்.

வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள்.
குனிந்து ப்ளீச் பாட்டிலைப் படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் முன்னால் போனேன்.
மழை தன் வேலையைப் பார்த்தது.
இரண்டாவது மைலில் ஓர் ஆல்டர் இலை
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே புகுந்து
கர்ர்ர் என்றது.

"வெர்லின், ஏதோ உரசுகிறது."
மூன்று வருடங்களாக
மூன்று சைக்கிள் நீளம் தள்ளியே கேட்ட குரல்
என் முழங்கைக்குப் பக்கத்தில்.

"இலைதான். நிறுத்தட்டுமா?"
"வேண்டாம். தானாகப் போய்விடும்."

போகவில்லை,
ஆறு மைலுக்கும்.